பத்து மீட்டர் தள்ளிப் போன கதை

புகைபிடிக்கத் தடை வந்து மூன்று வாரம் முடிவதற்குள் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் முப்பத்தொரு புகார்கள் சேர்ந்துவிட்டன. அதில் முப்பது, எதிர்பார்த்த மாதிரியே இருந்தன. வாசலிலேயே நின்று பிடிக்கிறார்கள். ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு மற்றக் காலோடு உள்ளே நின்று பிடிக்கிறார்கள். கோடு என் கடை முன்னால் முடிவதால் ஊரே என் கடை முன்னால் வந்து பிடிக்கிறது. முப்பத்தொன்றாவதைப் படித்த ஆய்வாளர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு, உங்கள் கட்டடத்தின் பின்வாசலுக்கு எதிரே உள்ள தரைக்கீழ் அறையில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். என் ஜன்னல் பக்கம் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள், மஞ்சள் கோடு போட்ட நாளிலிருந்து வருவதில்லை. இதனால் மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன். தயவுசெய்து அவர்களைத் திரும்ப வரச் செய்யவும். எல்லோரும் வர முடியாவிட்டால், பழுப்பு ஷூ போட்டவர் மட்டுமாவது."

பக்கத்து மேசையிலிருந்த பிரிவுத் தலைவரிடம் காகிதத்தை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"கழன்ற கேஸ். 'பரிசீலிக்கப்பட்டது'ன்னு எழுதிக் கட்டி வை."

"நேர்ல போய்ப் பார்க்காம எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சார் சுற்றறிக்கை விட்டீங்க."

"புகை வருதுன்னு சொன்னா போய்ப் பார்க்கணும். புகை வரலைன்னு சொல்ற ஆளைப் போய் என்னத்தைப் பார்க்கிறது?"

அதுதான் அவளுக்கும் தெரியவேண்டியிருந்தது. அலுவலகத்தில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர். வாசல், ஜன்னல், காற்று இழுக்கும் துளை என எதிலிருந்தும் பத்து மீட்டருக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று விதி வந்தபோது, ஊரில் உள்ள பத்தொன்பது பொதுக் கட்டடங்களையும் சுற்றி டேப்பைப் பிடித்து அளந்து கோடு போடவைத்தவள் அவள்தான். வீட்டில் கணவர் வேறு மாதிரிச் சொல்வார்: உன் மண்டைக்குள்ளே ஒரு எறும்பு இருக்கிறது, ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அது கடிக்க ஆரம்பித்துவிடும். முப்பத்தொன்றாவது புகாரைப் படித்ததிலிருந்து அது நன்றாகவே கடித்துக்கொண்டிருந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் பின்னால் ஒரு சந்து. நாலு மீட்டர் அகலம்தான். இந்தப் பக்கம் பின்வாசல், அந்தப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் சுவர். அந்தச் சுவரின் அடியில், நடைபாதையை ஒட்டி, ஒரு முழ உயரத்தில் அகலமான ஜன்னல். கோடு போட வந்தபோது அவள் அதைப் பார்த்ததுண்டு. சாமான் அறை என்று நினைத்திருந்தாள். ஆறு படி இறங்கிக் கதவைத் தட்டினாள்.

அறுபது வயதிருக்கும் ஒருவர் கதவைத் திறந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவள் கையிலும் டேப் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரே தொழில்காரரைப் பார்த்த மாதிரி வழிவிட்டார். அறை ஒழுங்காக இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே தையல் மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேசை, சுவர் நீளத்துக்கு ஒரு கம்பியில் சுருக்கவும் நீட்டவும் வந்த துணிகள், ஒவ்வொன்றிலும் குத்திய சீட்டு. மேலே பார்த்தால் ஜன்னலில் சந்தின் தரை மட்டும் தெரிந்தது. ஒரு பெண்ணின் செருப்புக் கால்கள் இடமிருந்து வலமாகப் போயின.

"உட்காருங்க மேடம். நிஜமா ஆள் வரும்னு நான் நினைக்கலை."

"புகாரைப் பார்த்துத்தான் வந்தேன் மாஸ்டர். புகை போனதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"புகை போனதுல ஒரு கஷ்டமும் இல்லை. சட்டையெல்லாம் நாத்தம் அடிக்குதுன்னு எத்தனை பேர் என்னைத் திட்டிட்டுப் போயிருக்காங்க. அது போனது நல்லதுதான்." மெஷின் மேல் கிடந்த நூல் பிசிறைக் கிள்ளிக் கீழே போட்டார். "பேச்சும் சேர்ந்து போயிடுச்சு."

அவருக்கு வெட்கமாக இருந்தது தெரிந்தது.

"ஆவி போறதுக்காக ஜன்னலைத் திறந்தேதான் வச்சிருப்பேன். கீழே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான்னு மேலே நிக்கிறவங்களுக்குத் தெரியாது. மெஷின் ஓடினா கொஞ்சம் கேக்கும், நிறுத்தினா எல்லாம் கேக்கும். முகம் தெரியாது, காலுதான் தெரியும். வரி வாங்குற இடத்துல ஒருத்தர், கறுப்பு ஷூ, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார், ரெண்டு வருஷமா. இன்னொருத்தர் முட்டி வலிக்காரர், ஒரு காலை மாத்தி மாத்தி வைப்பார். அப்புறம் பழுப்பு ஷூ. இடது குதிகால் வெளிப்பக்கமாத் தேய்ஞ்சிருக்கும். அவர்கூட எப்பவும் ஒரு பொண்ணு, வெள்ளைத் துணி ஷூ. அந்தப் பழுப்பு ஷூக்காரர் கதைதான் மேடம் பாதியில நிக்குது."

"என்ன கதை?"

கேட்ட வேகத்தில் தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது அவளுக்கே உறைத்தது. தையல்காரருக்கும் அது போதுமானதாக இருந்தது. மெஷினிலிருந்து துணியை எடுத்து வைத்துவிட்டு, எட்டு மாதமாகத் துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்துச் சொன்னார்.

பழுப்பு ஷூக்காரருக்கு ஒரு தங்கை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவர்கள் வீடு எரிந்துபோனது. யாருக்கும் அடி இல்லை, வீடு மட்டும் மிஞ்சவில்லை. அன்று மாலை தங்கை ஒரு நேர்முகத் தேர்வுக்கு உடுப்பை இஸ்திரி போட்டுவிட்டு அம்மாவோடு வெளியே போயிருந்தாள். பெட்டியை அணைத்தாயா என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கலவரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. அணைக்கவில்லைபோல என்றாள். அத்தோடு அது முடிவாகிவிட்டது. அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. இறக்கும்வரை வாடகை வீட்டிலேயே இருந்தார். அவளும் அன்றிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை, கல்யாணத்துக்குப் போனாலும் சுருங்கின துணிதான்.

"ஆனா அது அவ பண்ணதில்லை," என்றார் தையல்காரர். "இவருதான். பின்வாசல்ல அப்பாவுக்குத் தெரியாம நின்னு சிகரெட் பிடிச்சிருக்கார். அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் அப்படியே கழிவுத் துணி மூட்டை மேல விட்டெறிஞ்சுட்டு முன்பக்கமா ஓடியிருக்கார். இருபத்தொரு வயசு. அன்னைக்குச் சொல்லலை. அப்புறம் சொல்ல முடியலை. எட்டு மாசமா அந்தப் பொண்ணுகிட்ட இதேதான்: சொல்லணும், சொல்லப் போறேன், எப்படிச் சொல்றது. ஒரு வெள்ளிக்கிழமை, 'இன்னைக்குச் சாயங்காலம் போய்ச் சொல்லிடுறேன், திங்கக்கிழமை வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன்'னார். சனிக்கிழமை நீங்க வந்து கோட்டைப் போட்டுட்டீங்க."

அவளுக்குக் குற்ற உணர்ச்சிகூட வந்தது. சட்டப்படிச் செய்த வேலைக்கு முதல்முறையாக.

"கோட்டை அழிக்க முடியாது மாஸ்டர்."

"தெரியும். சொன்னாரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஒரு வாரமா ஒரே பேண்ட்டை மூணு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கேன்."

இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. படியேறும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மெஷினை ஓட்டாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சந்தின் கடைசியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. கோட்டுக்கு வெளியே அதுதான் முதல் இடம். மூன்றரை மணி டீ நேரத்தில் அங்கே ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவள் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் தரையில் கோடு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கோடு முக்கால் மீட்டர் பின்னால்தான் இருந்தது. அது அவளுக்கு அளக்காமலே தெரியும்.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கால்களையும் பார்த்தாள். கறுப்பு ஷூ இருந்தது, கால் மாற்றி நிற்பவர் இருந்தார், வெள்ளைத் துணி ஷூ இருந்தது. பழுப்பு ஷூ இல்லை. வெள்ளைத் துணி ஷூவிலிருந்து மேலே பார்த்தால், நகரமைப்புப் பிரிவில் வரைபடம் போடும் பெண். முப்பது வயதுக்காரி, விரலில் மை.

"என்ன டேப் அக்கா, காலுக்கும் விதி வந்திருக்கா?"

"உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். தப்பா எதுவும் இல்லை."

கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ப் புகார்க் காகிதத்தைக் காட்டினாள். வரைபடக்காரி முதலில் சிரித்தாள். 'பழுப்பு ஷூ' என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"அங்க கீழே ஆள் இருக்காங்களா? நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கு. அவர் யார்கிட்டயும் சொல்லலை. என்கிட்டத் தவிர."

வரைபடக்காரி சிகரெட்டை அணைத்துக் குப்பி மூடியில் போட்டாள்.

"அக்கா, அப்போ அந்தக் குரல்?"

"எந்தக் குரல்?"

"அந்த வெள்ளிக்கிழமை அவரு கடைசி நிமிஷத்துல பின்வாங்கிட்டாரு. 'வேண்டாம், பத்தொன்பது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு'ன்னு சொல்லிட்டு இருந்தாரு. அப்போ தரையிலேருந்து ஒரு குரல். 'சொல்லிடுங்க'ன்னு. குழறலா, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. நானும் கேட்டேன், சத்தியமா. சுத்திப் பார்த்தோம், ஒருத்தரும் இல்லை. எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அவரு அப்படியே நின்னுட்டாரு. 'எங்கப்பா குரல்'னாரு. 'பல்செட் வச்சப்புறம் அவருக்குப் பேச்சு இப்படித்தான் வரும்'னாரு. பாதி சிகரெட்டைக் கீழே போட்டுட்டு நேரா வெளியே போனவர்தான், திங்கக்கிழமையிலேருந்து லீவு. போன் பண்ணா எடுக்கலை. 'பிறகு பேசறேன்'னு ஒரே ஒரு மெசேஜ்."

"அவர் எந்தப் பிரிவு?"

"பழைய ஆவண அறை."

ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே சந்துக்குத் திரும்பி ஆறு படி இறங்கினாள். தையல்காரர் ஒரு கோட்டுச் சட்டையின் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வாயில் வரிசையாக ஐந்தாறு குண்டூசிகள். அவளைக் கண்டதும், "வாங்க, என்ன ஆச்சு?" என்றார். அது 'ழாங்க, எழ்ன ஆச்சு' என்று வெளிவந்தது.

அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "நீங்கதானா அது மாஸ்டர்."

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினார்.

"வாய் தவறி வந்துடுச்சு. எட்டு மாசமாக் கேக்கிறேன், அந்தத் தங்கச்சி நெனப்பு எனக்கும் வந்துடுச்சு. இங்கே நான் நாள் முழுக்க இஸ்திரி போடுறவன். ஒருத்தி பத்தொன்பது வருஷமா ஒரு பெட்டியைக் கண்டு பயந்துட்டு இருக்கான்னா எப்படி இருக்கும்? அவர் போகலைன்னு சொன்னதும் தாங்கலை. சொல்லிட்டேன். உடனே குனிஞ்சு காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கடியில உட்கார்ந்துட்டேன், அப்புறம் அவங்க பேசினது எதுவும் கேக்கலை."

"அவர் அதைச் செத்துப்போன அப்பா குரல்னு நினைச்சுட்டாராம்."

தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ போய்ச் சொல்லியிருப்பார்," என்றார். "என் பேச்சைக் கேட்டுப் போனார். அங்கே என்ன ஆச்சோ. அதனாலதான் மேடம் புகார் எழுதினேன். வேடிக்கை பார்க்கிறதுக்கில்லை. பாதி வேடிக்கை, ஒத்துக்கிறேன். மீதி பயம்."

அடுத்த புதன்கிழமை வரைபடக்காரி மாடிப்படியில் அவளைத் தடுத்து நிறுத்தி, "வந்துட்டாரு," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய ஆவண அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, கட்டடத்தின் காற்றுத் துளைகளைக் காட்டும் பழைய வரைபடம் வேண்டும் என எழுதி எடுத்துக்கொண்டாள். நெட்டையான, கூன் விழ ஆரம்பித்த மனிதர் சீட்டை வாங்கிப் படித்தார். மேசைக்கு அடியில் பழுப்பு ஷூ. இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எவ்வளவோ நாள் தேடியவரைக் கண்ட மாதிரி அவளுக்கு இருந்தது. எடுத்து வைத்திருந்த காரணத்தை மறந்துவிட்டு உண்மையையே சொல்லத் தொடங்கினாள்: புகார், ஜன்னல், குண்டூசி, எல்லாம்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சீட்டை நாலாக மடித்தார், பிறகு பிரித்தார்.

"குண்டூசியா?"

"ஆமா. வாயில வச்சிருந்தாராம்."

மெதுவாகச் சிரிப்பு வந்தது, தோள் குலுங்குகிற அளவுக்கு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெனச்சுப் பார்த்தா எங்கப்பா அப்படிச் சொல்ற ஆளே கிடையாதுக்கா. வாயை மூடிட்டு இருன்னுதான் சொல்வாரு." மேசையைப் பார்த்தபடியே பேசினார். "அன்னைக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில வச்சுச் சொன்னேன். மச்சான் எழுந்து வெளியே போயிட்டாரு. அவ ஒண்ணுமே சொல்லலை. 'எந்த வாசல்?'னு மட்டும் கேட்டா. பின்வாசல்னேன். 'சரி, நீ கிளம்பு'ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். மூணு வாரமா வீட்டுல சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். முந்தாநாள் மச்சான் போன் பண்ணாரு. 'கடையில போய் ஒரு அயர்ன் பாக்ஸ் வாங்கிட்டு வந்திருக்கா. உன் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து உள்ளே போயிடுறா'ன்னாரு."

ஆய்வாளர் சுற்றிப் பார்த்தாள். கூரைவரை இரும்பு அலமாரிகள், தெருப் பெயர் எழுதிய அட்டைகள். எறும்பு கடித்தது.

"எரிஞ்ச வீட்டை இடிக்கிறதுக்கு அனுமதி வாங்கியிருப்பாங்களே. அந்தக் கோப்பு இங்கேதானே இருக்கணும்? தீயணைப்புத் துறை அறிக்கையும் அதுல வச்சிருப்பாங்க."

"இருக்கு. பதினாலாவது அலமாரி, மூணாவது தட்டு. பதினோரு வருஷமாத் தெரியும். தொட்டதில்லை." அவள் பார்வை போன திசையைப் பார்த்து, "எடுக்கச் சொல்லாதீங்கக்கா. பிரிக்கிறதுன்னா அவ முன்னாடிதான் பிரிக்கணும்," என்றார். "எனக்கு வேண்டியபடி படிச்சுக்கிட்டேன்னு அப்புறம் அவ நினைக்கக் கூடாது."

பதினாலாவது அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு கோப்பைத் திறக்காமல் திரும்பி வருவது அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று. ஆனாலும் வந்தாள். வரும்போது அவரையும் கையோடு சந்துக்குக் கூட்டி வந்தாள்.

தையல்காரர் முதலில் ஷூவைத்தான் பார்த்தார், பிறகுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒட்டுக் கேட்டது தப்பு. குறுக்கே பேசினது அதைவிடத் தப்பு," என்றார் தையல்காரர்.

"நீங்க பேசலைன்னா நான் போயிருக்க மாட்டேன். அது நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியலை." ஆவண அறைக்காரர் தொங்கிய துணிகளைப் பார்த்தார். "எட்டு மாசம் கேட்டிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, அவ என்னை மன்னிப்பாளா?"

தையல்காரர் யோசித்தார். "எனக்கு எப்படிங்க தெரியும்? நான் உங்க பக்கம்தானே கேட்டிருக்கேன். அவங்க பேசி நான் கேட்டதே இல்லையே."

அன்று மாலையே ஆவண அறைக்காரர் தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினார்: வீட்டுக் கோப்பு என் அலுவலகத்தில் இருக்கிறது, நீ வந்தால் பிரிக்கலாம். ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாவது நாள் காலை பதினொரு மணிக்கு, முன்வாசல் வழியாக ஒரு பெண் வந்து ஆவண அறைக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். அவள் உடுத்தியிருந்த துணியில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தாள்; ஒரு இடத்தில் லேசாகக் கருகியும் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து ஆய்வாளருக்குக் கீழேயிருந்து போன் வந்தது. "அக்கா, ஒரு வரைபடம் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் புரியலை. கொஞ்சம் வரீங்களா?"

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

அண்ணனும் தங்கையும் மேசையின் இரு பக்கமும் நின்றார்கள். நடுவே பிரித்த கோப்பு. தங்கை அவளைப் பார்த்து, "நீங்கதான் அளக்கிறவங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இதுல என்ன எழுதியிருக்கு? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

தீயணைப்பு அதிகாரி கையால் வரைந்த படம். அறைகள், வாசல்கள், தீ தொடங்கிய இடமாகக் கோடிட்ட ஒரு வட்டம், அதிலிருந்து நாலு திசைக்கும் அம்புக்குறி போட்டு அடிக்கணக்கு. எழுத்து மங்கியிருந்தது. ஆய்வாளர் விரலை வைத்துப் படித்தாள்.

"இது பின்சுவர். தீ ஆரம்பிச்சது இங்கே, பின்வாசலுக்கு ரெண்டடி உள்ளே. இஸ்திரி மேசை இங்கே, முன் அறையில. ரெண்டுக்கும் நடுவுல இருபத்தாறு அடி, ஒரு சுவரும் இருக்கு. கீழே எழுதியிருக்கார் பாருங்க: இஸ்திரிப் பெட்டியின் இணைப்பு பிடுங்கிய நிலையில் இருந்தது."

"பிடுங்கி இருந்ததா?"

"அப்படித்தான் இருக்கு. நீங்க அணைச்சிருக்கீங்க."

தங்கை அந்த வரிக்கு அடியில் விரலை வைத்தாள். "இன்னொரு தடவை படிங்க," என்றாள். ஆய்வாளர் படித்தாள். மூன்றாவது முறையும் கேட்டாள், மூன்றாவது முறையும் படித்தாள்.

"தீக்குக் காரணம்னு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"காரணம் உறுதியாகத் தெரியவில்லை. அங்கே மின்சாரப் பெட்டியும் இருந்திருக்கு, துணி மூட்டையும் இருந்திருக்கு."

அவர் முகத்தில் ஒரு ஆசை வந்ததை ஆய்வாளர் பார்த்தாள். தங்கையும் பார்த்திருக்க வேண்டும். "அது எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "நீ பண்ணியோ, கரண்டு பண்ணுச்சோ. நான் பண்ணலைன்னு உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாம இருந்தது."

அவர் தலையை ஆட்டினார்.

ஆய்வாளர் அடுத்த தாளைப் புரட்டினாள். அது கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம். இணைப்புகள் என்ற இடத்தில் தீயணைப்பு அறிக்கை என்று கையால் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. அதே கையெழுத்து வரைபடத்தின் ஓரத்திலும், அறிக்கையின் ஒவ்வொரு தாளிலும் இருந்தது. அவள் தாளை இருவருக்கும் நடுவே தள்ளினாள்.

"அப்பா கையெழுத்து," என்றார் அண்ணன்.

தங்கை குனிந்து பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை திட்டாததை இத்தனை நாள் அவள் எப்படி எடுத்துக்கொண்டிருந்தாளோ, இப்போது அதை வேறு மாதிரி எடுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரா, படிக்காமப் போட்டாரா?"

"தெரியலையே."

"படிச்சிருந்தா, நான் இல்லேன்னு தெரிஞ்சிருக்கும். அப்போ யாருன்னும் யோசிச்சிருப்பாரு. பின்வாசல்ல எவன் நிப்பான்னு அவருக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "உன்னைக் காப்பாத்தினாரா?"

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்பது ஆய்வாளருக்கு நன்றாகத் தெரிந்தது. தான் அங்கே நிற்கக் கூடாது என்றும் தெரிந்தது. நின்றாள்.

தங்கை நகல் கேட்டாள். அவரே எழுந்துபோய் எடுத்து வந்து கொடுத்தார். அவள் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனாள், நின்றாள்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு, அப்பா இதைப் படிச்சாரான்னு கேளு. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கேட்டுட்டு உனக்குப் போன் பண்ணட்டுமா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பண்ணு," என்றாள். ஆய்வாளரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. படியேறிப் போய்விட்டாள்.

மதியம் ஆய்வாளர் முப்பத்தொன்றாவது புகாரை முடித்து எழுதினாள்: 'நேரில் விசாரிக்கப்பட்டது. மனுதாரர் கேட்ட தகவல் வழங்கப்பட்டது. விதியில் மாற்றம் தேவையில்லை.' பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போடும் முன் பேனாவை நிறுத்தினார்.

"என்ன தகவல் கேட்டான் அந்த ஆள்?"

"பழுப்பு ஷூ நல்லா இருக்காரான்னு கேட்டார் சார்."

"இருக்காரா?"

"இப்போ சைக்கிள் கொட்டகையில நின்னு ஒண்ணுக்கு ரெண்டாப் பிடிக்கிறாராம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்கு அவள் ஆறு படி இறங்கி, தையல்காரருக்கு எல்லாவற்றையும் சொன்னாள்: கருகின மடிப்பு, இருபத்தாறு அடி, பிடுங்கிய இணைப்பு, தாளுக்குத் தாள் இருந்த கையெழுத்து. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். இணைப்பு பிடுங்கியிருந்தது என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தார். அவள் முடித்தாள்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான் மாஸ்டர்."

"அவ்வளவுதான்னா? அம்மாகிட்டப் போனாரா? அவங்க என்ன சொன்னாங்க? அப்பா படிச்சிருந்தாரா?"

"ஞாயித்துக்கிழமை போறாராம். எனக்கும் தெரியலை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க தங்கச்சி?" என்றார் தையல்காரர்.